மூன்றடி மெழுகுதிரி

"வேலை போன மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணி குடுக்கலாம். பொம்பிளை குடுக்கேலாது," என்றார் பெனடிக்ற்.

"மெள்ளக் கதையுங்கோ, ஆள் வாசலில நிக்குது," என்று மரியநாயகி ரோல்ஸ் தட்டோடு விறாந்தைப் பக்கம் ஓடினாள்.

வந்தவர் இக்னாசியோ. பெனடிக்ற், மரியநாயகி தம்பதியின் கிங்ஸ்பரி வீட்டுக்கு, அவர்கள் மகள் றொசாந்தியைப் பெண் கேட்டு வந்திருக்கும் ஸ்பானியர். பன்னிரண்டு வருடம் ஸ்பெயினில் ஒரே கிளப்புக்கு உதைபந்தாடி, முழங்கால் மக்கர் பண்ணியதும் அணியை நடத்தும் மனேஜரானவர். மனேஜரான ஐந்து வருடத்தில் நாலு கிளப் பார்த்துவிட்டார். நாலாவது, வெம்பிளிப் பக்கத்துச் சின்னக் கிளப் ஒன்று.

றொசாந்திக்கும் அங்கேதான் வேலை. உதைபந்து மச் வீடியோவைக் கம்ப்யூட்டரில் பார்த்துக் கோடு கீறுகிற வேலை என்று பெனடிக்ற் எல்லோருக்கும் சொல்வார். அதற்கும் சம்பளம் தருகிறார்களே என்பது அவருடைய தீராத ஆச்சரியம்.

போன ஞாயிறுவரை 'என்ர ஸ்பானிஷ் மருமோன்' என்று மாதா கோயில் வாசலில் பீற்றிக்கொண்டவர்தான் அவரும். வெள்ளிக்கிழமை கிளப் இக்னாசியோவை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இன்று பூசை முடிந்ததும் கோயில் கூட்டாளி தேவராசா, "என்ன பெனடிக்ற், மருமோனுக்குச் சிவப்பு அட்டையாம்?" என்று கேட்டதோடு மனிதருக்குச் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை.

மரியநாயகி அப்படியில்லை. இக்னாசியோ என்றால் நம்முடைய இன்னாசிதானே, வேதக்காரப் பிள்ளை, முப்பத்துநாலு வயது மகளும் கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்கிறாள், பிறகென்ன என்பது அவள் கட்சி.

எல்லோரும் உட்கார்ந்ததும் பெனடிக்ற் விசாரணையைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் தொடங்கி, சூடேறியதும் தமிழுக்குத் தாவினார். றொசாந்தி மொழிபெயர்த்தாள்.

"விளையாடேக்க பன்னிரண்டு வருசம் ஒரே இடத்தில இருந்தனீர். மனேஜரான பிறகு ஏன் ஒரு இடத்திலயும் ஒட்டேல்லை?"

"தோற்றால் பதினொரு பேரையும் அனுப்ப முடியாதே, மாமா. ஒருவரை அனுப்புவது சுலபம்," என்றார் இக்னாசியோ. அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச்சொல் 'மாமா'. அதை வாக்கியத்துக்கு ஒன்று வீதம் போட்டார்.

"அப்ப உம்மட மனேஜர் கதிரையில இனி ஆர்?"

இக்னாசியோ கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்குத்தான் கிளப் அறிவிக்கும், மாமா. அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்று கண்டிப்பு. ஆனால் என்னைவிடக் கெட்டிக்கார ஆள். அந்தப் பெயரைச் சிபாரிசு செய்ததே நான்தான்."

"தன்ர கதிரையைத் தானே தூக்கிக் குடுத்திருக்கிறான், விசரன்," என்று பெனடிக்ற் மனைவியின் காதைக் கடித்தார். "பிள்ளை, இதை மொழிபெயர்க்காதை."

மரியநாயகிக்குப் பொறுக்கவில்லை. "நீர் ஒண்டுக்கும் யோசியாதையும், இன்னாசி. அந்தப் புது மனேஜர் கனநாளைக்கு நிண்டுபிடிக்காது. காலமை கோயிலில மடு மாதாவுக்கு முன்னால மூண்டடி மெழுகுதிரி ஏத்திப்போட்டுத்தான் வந்தனான்."

"என்னம்மா நேர்த்தி வைச்சனீங்கள்?" என்றாள் றொசாந்தி.

"வாற சனிக்கிழமை முதல் மச்சிலயே அந்த ஆள் தோக்கவேணும். ஒண்டு ரெண்டு கோல் இல்லை, ஆறு கோல்! கிளப்காரர் அழுதுகொண்டு ஓடிவந்து இன்னாசியைத் திருப்பிக் கூப்பிடவேணும். உன்ர அப்பர் வாயை மூடிக்கொண்டு சம்மதம் சொல்லவேணும்."

றொசாந்திக்குத் தேத்தண்ணி புரையேறியது.

"அம்மா என்ன சொன்னார்?" என்று இக்னாசியோ கேட்டார்.

"உங்களுக்காக மெழுகுதிரி ஏற்றினாராம்," என்றாள் இருமலுக்கு நடுவே. இக்னாசியோ கண்கலங்கி, மரியாதைக்கு இன்னொரு ரோல்ஸ் எடுத்துக்கொண்டார்.

"மெழுகுதிரி ஒரு பக்கம் கிடக்கட்டும்," என்று பெனடிக்ற் நிமிர்ந்தார். இந்த வெள்ளை மனத்து விசரன்மேல் அவருக்கும் உள்ளூர இரக்கம் சுரந்துவிட்டது. ஆனால் சொன்ன சொல்லிலிருந்து இறங்க மனமில்லை. "ஆள் ஆரெண்டு தெரியட்டும், நானே நேர போய்க் கதைக்கிறன். 'நீரும் ஒரு தாய் தேப்பன் பெத்த பிள்ளைதானே, ஒரு குமரின்ர வாழ்க்கையில மண் அள்ளிப் போடலாமோ?' எண்டு முகத்துக்கு நேர கேக்கிறன்."

றொசாந்தி தந்தையின் முகத்தைப் பார்க்காமல், "அம்மா, அந்த மெழுகுதிரி எவ்வளவு நேரம் எரியும்?" என்றாள்.

"விடியுமட்டும் நிண்டெரியும் எண்டு ஈஸ்ட் ஹாம் கடைக்காரன் சத்தியம் பண்ணித் தந்தவன். இடையில அணைஞ்சு நூர்ந்தால்தான், பிள்ளை, நேர்த்தி பிழைக்கும்."

சரியாக நாலு மணிக்குப் பெனடிக்றின் போன் கிணுங்கியது. கிளப்பின் அறிவிப்பு.

"வாரும் ராசா, உம்மட மூஞ்சையைப் பாப்பம்," என்று கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். படத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்? ஆர் அந்தப் படுபாவி?" என்றாள் மரியநாயகி.

"நீர் பெத்ததுதான்!"

அடுத்த நிமிடம் மரியநாயகி ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்றாள். "இன்னாசி, காரை எடும்! ஓடிப்போய் அந்த மெழுகுதிரியை நூக்கவேணும்!"

"நான் வழி காட்டுறன், கெதியா ஓட்டும், மருமோன்!" என்று அவளுக்கும் முன்னால் ஓடினார் பெனடிக்ற்.