பாதிப் புட்டி

நியூ ஜெர்சியின் உருகிய பனி ஜன்னலுக்கு வெளியே சேறாகக் கிடக்கிறது. உள்ளே, சோப்புக்கு வாசனை கலக்கும் கூடத்தில், டோரின் வாசனை தோய்த்த பதினேழாவது காகிதக் கீற்றை மூக்கடியில் ஆட்டிவிட்டு மேஜையில் எறிகிறாள். வாடிக்கையாளர் போன மாதம் முகர்ந்து, இதுதான் என் சோப்பு என்று சொக்கிப்போன வாசனை மறுபடி வருவேனா என்கிறது. கலவைக் குறிப்பு அதே, எடை அதே. ஆரஞ்சுத் தோலும் சீவிய மரமுமாக மணக்கும் வாலன்சீன் எண்ணெய், புதுப் புட்டி, சுத்தமாக இருக்கிறது. அந்த வாசனையில் இருந்த பழக் கசப்புக்காக கிரேப்ஃப்ரூட் சரக்கைத் தனியாகச் சேர்த்தும் பார்த்தாயிற்று. “தராசை வேணா மாத்திப் பாக்கலாம், உன் மூக்கை மாத்த முடியாதே,” என்கிறான் அளந்து கொடுக்கும் வெண்டல். டோரின் தன் ஸ்வெட்டர் கையை முகர்ந்து, மரத்துப்போன மூக்கைத் தேற்றிக்கொள்கிறாள். அப்போதுதான் பின்தட்டில், கோடையில் திறந்த பழைய வாலன்சீன் புட்டி கண்ணில் படுகிறது. பாதி எண்ணெய், பாதி காற்று. ‘கொட்டிவிடு’ என்று அவள் கையெழுத்திலேயே சீட்டு. மூடியைத் திருகுகிறாள். அதே வாசனை, குப்பென்று. “வாடிக்கையாளருக்குக் குடுத்த முதல் மாதிரியை இதுலயா போட்டே, வெண்டல்? காத்துபட்டுக் கெட்டது இது. தோல்ல பட்டா தடிச்சிடும்.” வெண்டல் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அன்னிக்கு நான் லீவு. அவசரம்னு நீதான் போட்டே.” டோரின் குப்பைத் தொட்டியைக் காலால் இழுக்கிறாள். புட்டியை அதன்மேல் சாய்க்கிறாள். சாய்த்த கை பாதியில் நிற்கிறது. நிமிர்த்தி, இன்னொரு முறை முகர்கிறாள். சனியன், எவ்வளவு நன்றாக இருக்கிறது.