குளத்தடி லைனிலிருந்து போன்

"மறுபடியும் அந்தப் பொம்பளைதான், சாரே!"

போனை டக்கென்று வைத்தான் பிச்சைமணி.

"குளத்தடி லைனா?" என்றார் லக்ஷ்மிநாராயணன், கட்டுத்துணியை மடித்தபடியே.

"வேற எங்க? யாரோ மயங்கி விழுந்துட்டாராம். சீக்கிரம் வரணுமாம். இதோட நாலாவது தடவை! போய்ப் பார்த்தா ஒரு ஈ காக்கா விழுந்து கிடக்காது."

"நிஜமா இருந்துட்டா? எடு வண்டியை."

கொச்சி மட்டாஞ்சேரி ஆம்புலன்ஸ் சமிதிக்கு இருந்தது ஒரே ஒரு பழைய வேன். பிச்சைமணிதான் அதற்கு டிரைவர். துறைமுகத்தில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்ற லக்ஷ்மிநாராயணன், சம்பளம் வாங்காமல் ஊராருக்கு முதலுதவி சொல்லிக்கொடுப்பவர். வண்டி கிளம்பினால் தானும் ஏறிக்கொள்வார்.

குளத்தடி லைன் பஜார் ரோட்டுச் சரக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளர்கள், எல்லாரும் தமிழர்கள், குடியிருக்கிற ஒடுக்கமான சந்து. முதல் பொய் போனுக்குப் போனபோது அதைக் கண்டுபிடிக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. திருப்பத்தில் வேன் மாட்டி, பக்கத்துக் கண்ணாடி நொறுங்கியதுதான் மிச்சம். படகு ஜெட்டிப் பக்கமாகச் சுற்றி ரிவர்ஸில் போனால் கடைசி வீடு வரை போகலாம் என்று இரண்டாம் தடவைதான் தெரிந்தது. மூன்றாம் தடவை, வேனின் மணிச் சத்தம் கேட்டதுமே கைவண்டிக்காரர்கள் தாங்களாகவே வழி விட்டார்கள்.

இன்றைக்கும் யாரும் விழுந்திருக்கவில்லை.

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம் சாமி," என்று சிரித்தாள் லைனில் குடியிருக்கிற முனியாயி. "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. வேணும்னா நான் விழட்டுமா?"

"விழு," என்றார் லக்ஷ்மிநாராயணன். "அடிபட்டவாளை எப்படித் தூக்கணும்னு காட்டறேன்."

அவள் விழுந்தாள். லைன் முழுக்கக் கூடிவிட்டது. ரத்தம் வந்தால் எங்கே அழுத்துவது, காலை எப்படி உயர்த்துவது, உடம்பு வளையாமல் நாலு பேர் எப்படித் தூக்குவது என்று அரை மணி நேரம் ஒரே கூத்து.

"பொய் போன் வந்த இடத்துல கிளாஸ் வேறயா?" என்று திரும்பும்போது பொரிந்தான் பிச்சைமணி. "என் கையில மட்டும் அவ மாட்டட்டும்!"

லக்ஷ்மிநாராயணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

பத்து நாள் கழித்து, ஆடி மாசத்துக் கர்க்கடக மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், போன் அடித்தது. இந்தத் தடவை ஓர் ஆண் குரல், தமிழில் அலறியது.

"குளத்தடி லைனுங்க! கூரைத் தகரம் பறந்து வந்து சுடலைமுத்து தொடையைக் கிழிச்சிருச்சு! ரத்தம் நிக்கல!"

"ஓகோ, இப்ப ஆம்பளையும் சேர்ந்தாச்சா? வையிய்யா போனை!"

பிச்சைமணி வைத்தேவிட்டான். சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னான்.

லக்ஷ்மிநாராயணனின் முகம் வெளுத்துப்போயிற்று.

"ஐயோ, இது நிஜம்டா!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வண்டியை எடுன்னா எடு!"

அவர் கத்தி அவன் கேட்டதே இல்லை. ஓடினான்.

ஜெட்டிப் பக்கம் சுற்றி, ரிவர்ஸில், ஏழே நிமிஷத்தில் கடைசி வீடு. கைவண்டிகள் ஏற்கனவே ஒதுங்கியிருந்தன. சுடலைமுத்துவின் கால் ஒரு ஸ்டூல் மேல் உயர்ந்திருந்தது. முனியாயி சேலைத் துணியை மடித்துக் காயத்தில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். நாலு பேர் அலுங்காமல் தூக்கி ஸ்ட்ரெச்சரில் வைத்தார்கள்.

"இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

திரும்பி வந்து சாயா கிளாஸைக் கையில் எடுத்தபோதுதான் பிச்சைமணிக்குத் தான் செய்தது புரிந்தது.

"போனை வச்சுட்டேனே சாரே! அந்தப் பொய்க்காரியால ஒரு உசிரு போக இருந்துச்சு. அவளை விடமாட்டேன். கண்டுபிடிச்சு போலீஸ்ல குடுக்கத்தான் போறேன்."

லக்ஷ்மிநாராயணன் சாயாவைத் தொடவில்லை.

"நீ சொல்றது சரிதான். அந்தத் தப்பு எனக்கு இன்னிக்குத்தான் உறைச்சுது. இனிமே அந்தப் போன் வராது."

"எப்படி வராது?"

"குளத்தடியில ஒத்திகை நடத்தணும், ஒரு வகுப்பு எடுக்கணும், வண்டியைத் தாங்கோன்னு கமிட்டியில மூணு தடவை கேட்டேன். அந்தச் சந்துல யாருக்காகன்னு எல்லாரும் சிரிச்சா. போன் வந்தா மட்டும் வண்டியைத் தடுக்க முடியாது, கேட்டியா? வண்டி சும்மா நிக்கறதுன்னு நான் சொன்னாத்தான் அவ மருந்துக்கடைக்குப் போய் போன் பண்ணுவா. ஒவ்வொரு பொய்க்கும் பரிகாரமா பகவதி கோவில்ல ஒரு தேங்காய் வேற உடைப்பா."

பிச்சைமணி வாயைப் பிளந்தான். "அவன்னா... யாரு சாரே?"

"போலீஸ்ல மட்டும் குடுத்துடாதே. அப்புறம் நாளையிலேர்ந்து நேக்குச் சாதம் வடிச்சுப் போட வீட்டுல ஆளில்லை."