மீதமிருக்கும் விளக்கு

செத்துப்போன லீலண்டின் பிக்கப் வண்டி டெக்சாஸ் வெயிலில் மினுமினுக்கிறது. உரிமைப் பத்திரம் தொலைந்துவிட்டது. வண்டியின் மதிப்புக்கேற்ப ஜாமீன் பணம் கட்டினால்தான் அரசு புதுப் பத்திரம் தரும்; வண்டி விலையைக் குறைத்து எழுதினால்தான் அந்த ஜாமீன் அவன் மனைவி வெர்னாவுக்குக் கட்டுப்படியாகும். மதிப்புப் போட வந்திருக்கும் டுவைட், ஒருகாலத்தில் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டு, அவளால் மறுக்கப்பட்டவன். டயரை எட்டி உதைத்து, கதவில் துப்புகிறான். "ஓட்டை வண்டி. உன் புருஷன் மாதிரியே, இல்ல?" "ஆமாங்க." லீலண்ட் தினமும் வண்டியைத் துடைத்த துணி மடிப்புக் கலையாமல் இருக்கையில் கிடக்கிறது. டுவைட் கையோடு கொண்டுவந்த சுத்தியலால் ஒரு முன்விளக்கை நொறுக்குகிறான். கண்ணாடிச் சில்லுகள் அவள் பாதத்தில் தெறிக்கின்றன. "விலைய இன்னும் குறைக்கணுமா?" தலையாட்டுகிறாள். சுத்தியலை அவளிடம் நீட்டுகிறான். "அப்போ அந்த இன்னொரு விளக்க நீயே உடை, கண்ணு." வெர்னா வாங்கிக்கொள்கிறாள். பிடியில் அவன் கைச்சூடு இன்னும் ஆறவில்லை.