பத்துக்கு எத்தனை?

“மெல்லப்பா, மெல்ல! ஆரோ உலக்கையால இடிச்ச மாதிரிக் கிடக்கு,” என்று முனகினாள் இராஜேஸ்வரி.

புலம்பெயர்ந்து வந்த டண்டினொங் ஊர் வீட்டில், கணவர் வரதராஜா அவள் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள்தான் அவளுக்கு ஒரு சின்ன ஒப்பரேசன். வெட்டிய இடம் பேசாமல் கிடந்தது. கழுத்து, தோள், தொடை என்று வெட்டாத இடமெல்லாம்தான் உளைந்தது.

“மயக்க மருந்தால வாற உளைவாம். அது வராமல் இருக்கத்தானே டொக்டர் நித்தியானந்தன் தம்பி முதலே விழுங்கக் குளிசை தந்தவர்?” என்றார் அவர்.

“தந்தவர்தான். அந்தப் பிள்ளையைக் குறை சொல்லாதேங்கோ.”

அவளுக்குப் பொறுக்காது. ஆங்கிலம் தெரியாத பயத்தில், ஒப்பரேசனே வேண்டாமென்று மூன்று மாதம் அடம்பிடித்தவள் அவள். மயக்க மருந்து டொக்டர் நித்தியானந்தன்தான் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் தமிழில் சொல்லி, அவள் கண் மூடும்வரை கையைப் பிடித்திருந்தான். பெற்ற பிள்ளைகூட அப்படிச் செய்யாது. “இந்த உளைவை வரவிடாமல் தடுக்கிற மருந்து ஒண்டை ரெண்டு வருசமா ஆராய்ச்சி செய்யிறன் அன்ரி. நீங்களும் சேருவீங்களோ?” என்று அவன் கேட்டபோது, மிச்சத்தைக் காதில் வாங்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

டெலிபோன் அடித்தது. எழும்பி நாலடி நடப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது.

“அன்ரி, நித்தியானந்தன் கதைக்கிறன். நாற்பது பேரில நீங்கள்தான் கடைசி ஆள். உடம்பு உளைவு பத்துக்கு எத்தனை?”

ஒன்பது என்று வாய்வரை வந்துவிட்டது. இந்தப் பிள்ளையின் இரண்டு வருட உழைப்பில் நானா மண் அள்ளிப் போடுவது?

“பூச்சியம், தம்பி! துள்ளிக் குதிக்கலாம் போல கிடக்கு. நீங்கள் நல்லா இருக்கவேணும்.”

வரதராஜா தைலப் போத்தலும் கையுமாக வாயைப் பிளந்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே அவரைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவன் செய்த உதவிக்குத் தன்னால் இவ்வளவாவது முடிந்ததே என்று அவளுக்கு மனம் நிறைந்துபோயிருந்தது.

மறுமுனையில் காகித உறை கிழிபடும் சத்தம் கேட்டது. பிறகு தாளொன்றை விரிக்கும் சத்தம்.

“என்ன தம்பி, சந்தோசம்தானே?”

“உங்களுக்கு உளைவு இல்லாதது சந்தோசம்தான் அன்ரி.” அவன் குரல் இறங்கியிருந்தது. “அரைவாசிப் பேருக்குத்தான் மருந்து குடுத்தனாங்கள். மற்றவைக்கு மருந்தில்லாத வெறும் மாக்குளிசை. அவைக்கு உளைஞ்சால்தான் என்ர மருந்து வேலை செய்யுது எண்டு காட்டலாம். ஆருக்கு எது எண்டு எனக்கே தெரியாது, இப்பதான் உறையை உடைச்சுப் பாத்தனான்... உங்களுக்குத் தந்தது மாக்குளிசை.”