திருப்பி அனுப்பிய சட்டி

“இதைத் திருப்பி எடுத்துட்டுப் போம்மா” என்று ஃபோர்துனா சட்டியை மேசை ஓரத்துக்குத் தள்ளினாள்.

தக்காளிக் குழம்பு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் நடுவில் இரண்டு முட்டைகள். அவள் ஒரு வாய்தான் சாப்பிட்டிருந்தாள்.

பரிமாறும் பெண் விழித்தாள். “என்ன குறைம்மா?”

“இதுக்குப் பேரு ஷக்ஷூகாவா? முட்டை வேகவே இல்ல. உப்பும் பத்தல. போய்ச் சொல்லு.”

மருமகள் மாஷாவுக்குக் காது சூடேறியது. வெள்ளிக்கிழமை காலை. இஸ்ரேலின் நெதன்யா கடற்கரையில் அந்த கஃபேக்கு வாசல்வரை வரிசை நின்றது. அத்தனை பேரும் இங்கேதான் பார்த்தார்கள்.

ஓஃபிர் ரொட்டியைப் பிய்த்துச் சட்டியில் தொட்டு வாயில் போட்டான். “அம்மா, நல்லாத்தானே இருக்கு?”

“உனக்கு வெளியில எதைக் குடுத்தாலும் நல்லாத்தான் இருக்கும்.”

பரிமாறும் பெண் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

போன வெள்ளிக்கிழமை மாஷா முதல் தடவையாக மாமியாருக்கு ஷக்ஷூகா செய்தாள். அவள் பிறந்த வீட்டில், ரஷ்யாவிலிருந்து வந்தவர்கள், காலையில் பால் கஞ்சிதான். ஃபோர்துனாவோ லிபியாவின் திரிப்போலிக்காரி. பால்குடி மறந்ததிலிருந்தே ஷக்ஷூகா சாப்பிட்டு வளர்ந்தவள்.

முட்டை இறுகிவிட்டது. “இதை வெச்சு டென்னிஸ் விளையாடலாம்” என்றான் ஓஃபிர், அம்மா முன்னாலேயே.

ஃபோர்துனா ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு முட்டையையும் தின்றாள். ரொட்டியால் சட்டியைச் சுத்தமாகத் துடைத்தாள். பஸ் ஏறிப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று மாஷா ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

வருகிற வெள்ளிக்கிழமை ஃபோர்துனாவுக்கு எழுபது வயது.

“விருந்தை நம்ம வீட்லயே வெச்சுக்கலாம், நானே செய்யறேன்” என்று மாஷா சொல்லிப் பார்த்தாள்.

“பதினெட்டு பேர் வர்றாங்க மாஷா. என் அண்ணிங்க அத்தனை பேரும் வர்றாங்க. எதுக்கு வம்பு? கஃபேல சொல்லிடலாம்” என்றான் ஓஃபிர்.

அன்றிலிருந்து மாஷா அடுப்பையே பற்றவைக்கவில்லை. ஒரு தடவை சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று ஃபோர்துனா சொன்னதால்தான் மூவரும் இன்று இங்கே வந்திருந்தார்கள்.

பக்கத்து மேசையில் தனியாக இருந்த மனிதர் நாற்காலியைத் திருப்பினார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

“மன்னிக்கணும். நானும் அதேதான் சாப்பிட்டேன். பிரமாதமா இருந்துச்சு.”

“வீட்ல உங்களுக்கு யாரு சமைக்கிறா?” என்றாள் ஃபோர்துனா.

“யாருமில்ல.”

“அதான்.”

அவர் நாற்காலியை மறுபடி திருப்பிக்கொண்டார்.

“அத்தை, இங்க சாலட் நல்லா இருக்கு. பாலாடைக்கட்டி இருக்கு. அதைச் சாப்பிடுங்களேன்” என்று மாஷா சின்னக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தாள்.

“சாப்பிடறேன் உசுரே. அது வரட்டும்.”

இரண்டாவது சட்டி வந்தது. ஃபோர்துனா முட்டையைக் கரண்டியால் தட்டினாள். சத்தம் கேட்டது. அவள் சாப்பிடவில்லை. சட்டியை மகன் பக்கம் தள்ளினாள்.

“நீ பாரு.”

ஓஃபிர் ஒரு வாய் போட்டான். மென்றான். ரொம்ப நேரம் மென்றான். அப்புறம் ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாற்றை முழுசாகக் குடித்தான்.

“சாக்கடல்ல இருந்து உப்பை அள்ளிட்டு வந்துட்டானா?”

“இதுக்குத்தான் பதினெட்டு பேரைக் கூட்டிட்டு வரப்போறியா?”

“வேண்டாம், வேண்டாம்.” ஓஃபிர் வாயைத் துடைத்தான். “வீட்லயே வெச்சுக்கலாம். மாஷாவோடது இதுக்கு எவ்வளவோ தேவலை.”

“நீ சொன்னா சரிதான்” என்று ஃபோர்துனா ஒரு ஆலிவ் காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மாஷாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஊர் பேர் தெரியாத சமையல்காரரையே இந்தப் பாடு படுத்துகிறவள், பதினெட்டு பேர் முன்னால் என்னை என்ன செய்வாள்?

கை கழுவப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தாள். சமையலறை ஜன்னலில் ஒருவர் தலையில் துணி கட்டிக்கொண்டு நின்றிருந்தார். சட்டையில் வஜ்தி என்று பெயர் தைத்திருந்தது.

“அண்ணா, சட்டியைத் திருப்பி அனுப்பினது எங்க மேசைதான். என் மாமியார். தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சமையல்ல ஒரு குறையும் இல்ல.”

வஜ்தி அவளை மேலும் கீழும் பார்த்தார். “மருமக நீங்கதானா?”

“ஆமா.”

“ரெண்டாவது சட்டியை உங்க வீட்டுக்காரர் சாப்பிட்டாரா?”

“ஒரு வாய்.”

“என்ன சொன்னார்?”

மாஷாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. “சாக்கடல்னு சொன்னார்.”

வஜ்தியின் தோள் தளர்ந்தது. கரண்டியைக் கீழே வைத்தார்.

“அப்பாடா. உங்க மாமியார் புதன்கிழமை வந்து இந்த ஜன்னல்லயே நின்னாங்க தங்கச்சி. மருமக செஞ்சதைவிட மோசமா வரணும்னு ஒரே பிடிவாதம். என் பொண்ணையும் போன வருஷம்தான் கட்டிக் குடுத்தேன், மறுக்க முடியல. ஆனா பதினோரு வருஷப் பழக்கம் பாருங்க, முதல் தடவை கெடுக்கக் கை வரல. அதான் திருப்பி அனுப்பிட்டாங்க.”