நீலக் கோட்டு

அலுவலகத்தில் சாப்பிட்டு முடித்த கையோடு, வீட்டில் அம்மாவின் அறையிலிருக்கும் கேமராவைச் செல்போனில் திறந்தாள் மகள். கட்டிலில் தலையோடு கால் போர்த்திய உருவம். பக்கத்தில் நீலக் கோட்டும் மாஸ்க்குமாக இன்னொரு உருவம், கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்து சீட்டுத் தோழியிடம் காட்டினாள்.

"புது ஹோம் நர்ஸ். காலைல இருந்து ஒரு நிமிஷம் உட்காரலை. கால் அமுக்குறாங்க, நெத்தில ஈரத்துணி வைக்கிறாங்க!"

"குடுத்து வெச்சவங்கடி உங்கம்மா."

"பின்னே? எழுந்து ஒரு டம்ளர் தண்ணி எடுக்க முடியலைன்னு நாளெல்லாம் என் பேரை ஏலம் போட்டுட்டிருந்தாங்களே. அதான் ஏஜென்சில சொல்லி ஆள் போட்டேன்."

"அவங்களுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லேன்."

மகள் மேஜையிலிருந்த அலுவலகத் தொலைபேசியில் நர்ஸின் நம்பரை அழுத்தினாள்.

திரையில் நீலக் கோட்டு விறுவிறுவென்று நடந்துபோய், மேஜையிலிருந்த செல்போனைக் கட்டிலுக்குக் கொண்டுவந்தது. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அதை வாங்கியது.

"சொல்லுங்க மேடம்..." என்று முனகியது நர்ஸின் குரல். "அம்மாவை... நல்லா பார்த்துக்கிறேன்."

மகள் திரையை உற்றுப் பார்த்தாள். போனில், பின்னாலிருந்து அம்மாவின் அதட்டல் கணீரென்று கேட்டது.

"ஏஜென்சி மேடம்தானே? வெச்சுட்டுப் படு! உடம்பு நெருப்பா கொதிக்குது. கேமராவை நான் பார்த்துக்கிறேன். என் பொண்ணுக்கு மட்டும் தெரியக் கூடாது. நான் நல்லா நடக்கிறேன்னு தெரிஞ்சா உன்னை நிறுத்திடுவா. அப்புறம் எனக்குப் பேச்சுத்துணைக்கு யாரு?"