சிமெண்ட் ஆலா

"ரெண்டேகால் மணி நேரம்! குடல் வாய்க்கு வர்ற மாதிரி அலையில ஆடிக்கிட்டு வந்தது, இந்தச் சிமெண்ட் பொம்மையைப் பார்க்கத்தானா?"

துணிக்கடைக்காரர் போட்ட சத்தத்துக்கு அந்தச் சின்னத் தீவே அதிர்ந்திருக்க வேண்டும். ஆனால் மணல்திட்டில் உட்கார்ந்திருந்த வெள்ளைப் பறவைகள் இறக்கையைக்கூட அசைக்கவில்லை. வந்ததிலிருந்தே அவை அசையாததைப் பார்த்துத்தான் அவருக்குச் சந்தேகமே வந்திருந்தது. பைனாகுலரை வாங்கிப் பார்த்திருந்தார். கறுப்புத் தொப்பி போட்டது போன்ற தலை, சிவந்த அலகு எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஒன்றின் முதுகில் மட்டும் பெயின்ட் உரிந்து சிமெண்ட் தெரிந்தது.

"மெதுவாப் பேசுங்க சார்," என்றாள் படகுக்காரப் பெண். கயிறு கட்டித் தடுத்திருந்த எல்லைக்கு இந்தப் பக்கம் நின்று விரலை நீட்டினாள். "நடுவுல பாருங்க. ரெண்டு நிஜம் இருக்கு. நேத்துதான் வந்து இறங்கிச்சு."

"ரெண்டா? படகுத்துறை போர்டுல ஆயிரம் பறக்குதேம்மா!"

"அது புயலுக்கு முன்னாடி எடுத்த படம் சார். புயல்ல எல்லாம் கலைஞ்சு போச்சு. இந்த ஆலாப் பறவை இருக்கே, அது தனியா வாழாது. மேலேருந்து பார்க்கும். கீழே கூட்டம் இருந்தாத்தான் இறங்கும். வெறும் மணல்ல இறங்கவே இறங்காது. அதுக்குத்தான் ஆராய்ச்சிக்காரங்க பொம்மை வச்சிருக்காங்க. ஸ்பீக்கர்ல சத்தமும் போடுறாங்க."

வந்ததிலிருந்து காதில் விழுந்த கீச்சொலி எங்கிருந்து வருகிறது என்று அவர் அப்போதுதான் பார்த்தார். ஒரு கம்பத்தின் உச்சியில் துருப்பிடித்த ஸ்பீக்கர்.

"சத்தமும் டூப்பா! பறவையை ஏமாத்துறது பத்தாதுன்னு மனுஷனையும் ஏமாத்துறீங்களா?"

"ஏங்க, விடுங்களேன்," என்றாள் அவர் மனைவி. "நம்ம கடை வாசல்ல கோட்டு போட்டுக்கிட்டு நிக்குதே, அது என்ன, நிஜ மாப்பிள்ளையா?"

"நீ கொஞ்சம் வாயை மூடு."

அவருக்கு அவள்மேலும் கோபம்தான். காலையில் படகுத்துறையில் ஐந்து படகுகள் நின்றன. காலியாகக் கிடந்த ஒன்றில் காலை நீட்டிக்கொண்டு போகலாம் என்று அவள் சொன்னாள். "முப்பது வருஷமா வியாபாரம் பண்றவன் சொல்றேன், கூட்டம் இருக்கிற கடையிலதான் சரக்கு இருக்கும்" என்று அவர்தான் அவளை இதில் ஏற்றினார். பதினெட்டு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மிச்சம் இரண்டே இடம். ஓடி வந்து பிடித்த இடம்! இனி ஆயுசுக்கும் அவள் இதைச் சொல்லிக் காட்டுவாள்.

அந்தப் பதினெட்டு பேரையும் திரும்பிப் பார்த்தார். பாறை நிழலில் ஒரு பெரியவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குறட்டை விட்டார். ஒரு பெண் இன்னொருத்திக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். பறவைகள் பக்கம் ஒருத்தரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கரை தட்டியபோது இவர்களில் இரண்டு பேர் தாங்களாகவே தண்ணீரில் குதித்துப் படகைக் கட்டியது அவருக்கு நினைவு வந்தது. காசையும் கொடுத்து வேலையும் செய்கிறார்கள். சொரணை கெட்ட ஜனங்கள்!

"ஏம்மா, நாளைக்குக் காலையில துறை வாசல்லயே நாற்காலி போட்டு உட்காரப் போறேன். வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் இந்தப் பொம்மைக் கதையைச் சொல்லுவேன். அப்புறம் உங்க படகுல எவன் ஏறுறான்னு பார்க்கலாம்."

படகுக்காரப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அப்படிச் செஞ்சிடாதீங்க சார். குடியிருந்த வீட்டை வித்து வாங்கின படகு. இது ஓடலைன்னா எங்களுக்குப் போக்கிடமே இல்லை."

"அதை ஏமாத்துறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்!"

விறுவிறுவென்று பாறை நிழலுக்குப் போய், கடைத் திறப்பு விழாவில் பேசுகிற குரலை எடுத்தார்.

"எல்லாரும் எழுந்திரிங்க! நம்மளை நல்லா முட்டாளாக்கிட்டாங்க. அங்க இருக்கிறது முக்கால்வாசி சிமெண்ட். நாம இத்தனை பேரும் ஒண்ணாச் சேர்ந்து கேட்டாத்தான் இவங்களுக்குப் புத்தி வரும். என்ன சொல்றீங்க?"

சடை பின்னிய கை ஒரு கணம் நின்றது. பெரியவர் தொப்பியைத் தூக்கிப் பார்த்தார்.

"எங்களுக்கு ஒரு குறையும் இல்லீங்க."

"குறை இல்லையா? சரி, ஏமாந்தவங்க மட்டும் கையைத் தூக்குங்க!"

முதல் ஆளாகத் தன் கையைத் தூக்கினார். மனைவியை முழங்கையால் இடித்தார். அவளும் வேண்டாவெறுப்பாகத் தூக்கினாள். மூன்றாவது கை எழவேயில்லை. ஒரு குழந்தை மட்டும் கையைத் தூக்கப் பார்த்தது. அதன் அம்மா பிடித்து மடியில் அழுத்திக்கொண்டாள்.

அவர் படகுக்காரப் பெண் பக்கம் திரும்பினார். "பார்த்தியா! என்ன சொல்லி மிரட்டி வச்சிருக்கே இவங்களை? ஏன் ஒருத்தர்கூட வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க?"

படகுக்காரப் பெண் மணலைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்.

"அவங்க சொல்ல மாட்டாங்க சார். தொப்பி வச்சிருக்கிறவர் என் மாமனார். சடை பின்னுறவங்க என் நாத்தனாருங்க. மத்தவங்க எல்லாம் எங்க சித்தி வீட்டு ஆளுங்க. பன்னிரண்டு நாளா துறையில நின்னோம், காலிப் படகுல யாருமே ஏறலை. இன்னிக்குத்தான் நிஜமா ரெண்டு பேர் வந்து ஏறினீங்க."